பச்சைப் பொத்தானும் பொறுப்பில்லாத கையொப்பமும்

அண்மையில் கொழும்பு நட்சத்திர ஹோட்டல் ஒன்றில் நடைபெற்ற கருத்தரங்கு ஒன்றுக்குப் போயிருந்தேன். 'கடதாசியற்ற தொழிற்சாலை' என்பது தலைப்பு. கைத்தொழில் நிறுவனங்களின் முகாமையாளர்களும் தரக்கட்டுப்பாட்டு அதிகாரிகளும் நிறைந்திருந்த மண்டபத்தில், பத்திரிகையாளர்களுக்கென ஒதுக்கப்பட்ட பின்வரிசையில் நானும் அமர்ந்திருந்தேன்.

பேசியவர் முப்பது வயதைத் தாண்டாத இளைஞர். நன்றாகவே பேசினார். ஒரு பொருளின் வரைபடம், அளவுக் குறிப்புகள், வேலை அறிவுறுத்தல்கள், அவற்றில் காலத்துக்குக் காலம் செய்யப்படும் மாற்றங்கள் ஆகிய அனைத்தையும் ஒரே மென்பொருளுக்குள் அடக்கிவிடலாம் என்றார். மாற்றத்தை முன்மொழிந்தவர் யார், பரிசோதித்தவர் யார், அங்கீகரித்தவர் யார் என்பன நாள், நேரத்துடன் பதிவாகும். முன்பு கோவைகள் மேசைக்கு மேசை உறங்கிக் கிடந்தன. இப்போது உரியவரின் திரையில் ஒரு பச்சைப் பொத்தான் தோன்றும். அவர் அதை அழுத்தியதும் ஆவணம் அடுத்தவரிடம் போய்விடும். நாட்கணக்கில் இழுபட்ட அங்கீகாரம் நிமிடக்கணக்கில் முடிந்துவிடும்.

இதுவரை எனக்கு எந்த ஆட்சேபமும் இருக்கவில்லை. ஆனால் முத்தாய்ப்பாக அவர் ஒன்று சொன்னார்: இனித் தவறு நடந்தால் யார் செய்தது என்று மென்பொருளே காட்டிக்கொடுத்துவிடும், ஆகவே பொறுப்பு என்ற பிரச்சினை தீர்ந்தது. மண்டபம் கைதட்டியது. நான் தட்டவில்லை.

தேநீர் இடைவேளையில் அவரை அணுகிக் கேட்டேன்: "தம்பி, பொத்தானை அழுத்தினவர் ஆவணத்தை வாசிச்சவரோ இல்லையோ எண்டு உங்கட மென்பொருளுக்குத் தெரியுமோ?"

அவர் சிரித்தார். "அது ஆக்களின்ர பிரச்சினை சேர், சிஸ்டத்தின்ர பிரச்சினை இல்லை."

அந்தச் சிரிப்புக்கும் அந்தப் பதிலுக்குமே இக்கட்டுரை.

முதலில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் கணினிக்கு எதிரியல்லன். பல்கலைக்கழகத்தில் கலைத்துறையில் பட்டம் பெற்றவன். பொறியியல் எனக்குத் தெரியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முப்பது வருடங்களுக்கு மேலாக ஒரு தொழிற்சாலைக்குள் வாழ்ந்தவன். பத்திரிகையும் ஓர் உற்பத்திப் பொருள்தான். அங்கும் மூலப்பிரதி உண்டு, திருத்தம் உண்டு, ஒப்புநோக்கல் உண்டு, பக்கத்துக்கு ஒப்பமிடல் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, அச்சு இயந்திரம் எவருக்காகவும் காத்திருக்காது என்ற நெருக்கடியும் உண்டு. கையொப்பம் என்றால் என்ன என்பதை நான் அங்கேதான் கற்றேன். அது எப்படிப் பொய்யாகும் என்பதையும் அங்கேதான் கற்றேன்.

'பொறுப்புப் பிரச்சினை தீர்ந்தது' என்ற கூற்றை உலகின் மிகப் பெரிய தொழிற்சாலைகளின் வரலாற்றோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். வசதி குறைந்த நிறுவனங்களை நான் உதாரணத்துக்கு எடுக்கவில்லை. பணத்துக்கோ மென்பொருளுக்கோ பஞ்சமில்லாத இடங்களையே எடுக்கிறேன்.

2024 ஜனவரி 5ஆம் திகதி அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரிலிருந்து புறப்பட்ட அலாஸ்கா எயார்லைன்ஸ் விமானம் ஒன்று மேலெழுந்து சில நிமிடங்களே ஆகியிருந்தன. அதன் பக்கச் சுவரில் கதவுக்குப் பதிலாகப் பொருத்தப்பட்டிருந்த அடைப்புப் பலகை அப்படியே பிய்ந்து வெளியே போனது. விமானத்தில் 177 பேர் இருந்தனர். உடைந்த துவாரத்துக்குப் பக்கத்து ஆசனங்கள் தற்செயலாக வெறுமையாக இருந்தன. சிலர் சிறு காயங்களுடன் தப்பினர், உயிரிழப்பு இல்லை. பலகை ஒரு வீட்டின் பின்வளவில் கண்டெடுக்கப்பட்டது. அந்தப் போயிங் 737 மெக்ஸ் 9 விமானம் தொழிற்சாலையிலிருந்து ஒப்படைக்கப்பட்டு மூன்று மாதங்கள்கூட ஆகியிருக்கவில்லை.

பலகையை இறுக்கிப் பிடிக்க வேண்டிய 4 போல்ட்டுகளும் பொருத்தப்பட்டிருக்கவே இல்லை என்பதை அமெரிக்கத் தேசிய போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை கண்டறிந்தது. விமானத்தின் உடற்பகுதி வேறொரு நிறுவனத்தில் செய்யப்பட்டு 2023 ஓகஸ்ட் இறுதியில் போயிங்கின் ரென்டன் தொழிற்சாலைக்கு வந்தது. பலகைக்கு அருகே சில ரிவெட்டுகள் பழுதாக இருந்தன. அவற்றைத் திருத்துவதற்காகச் செப்டெம்பரில் பலகை திறக்கப்பட்டது, பின்னர் மூடப்பட்டது. போல்ட்டுகள் திரும்பப் போடப்படவில்லை.

யார் திறந்தது? யார் மூடியது? விசாரணையாளர்கள் கேட்டபோது அந்த வேலைக்கான ஆவணம் எதுவும் கிடைக்கவில்லை. தொழிற்சாலையின் கண்காணிப்புக் கமராப் பதிவுகளும் 30 நாட்களில் அழிந்து மேலெழுதப்படுபவை. போல்ட்டுகள் இல்லாத நிலையில் பலகை இருப்பதைக் காட்டும் ஒரு புகைப்படம் மட்டும், ஊழியர்கள் தமக்குள் பரிமாறிய குறுஞ்செய்தி ஒன்றில் கிடைத்தது. உண்மையைச் சொன்னது யாரோ போகிற போக்கில் எடுத்த ஒரு படம். கோடிக்கணக்கில் செலவிட்டு அமைத்த ஆவண முறைமை வாய் திறக்கவில்லை.

அந்தத் தொழிற்சாலையில் மென்பொருள் இல்லாமலா? ஒன்றுக்கு இரண்டு இருந்தன. ஒன்று உற்பத்தி வேலைகளின் உத்தியோகபூர்வப் பதிவேடு. மற்றையது உடற்பகுதி செய்த நிறுவனத்தோடு குறைபாடுகளைப் பற்றிப் பேசிக்கொள்வதற்கானது. ரிவெட் பற்றிய உரையாடல் இரண்டாவதில் நீண்டுகொண்டு போனது. பலகை அகற்றப்பட்டது என்ற பதிவு, எதில் இருக்க வேண்டுமோ அதில் உருவாக்கப்படவே இல்லை. பதிவு உருவாகாததால் 'போல்ட் போட்டாயிற்றா' என்று சரிபார்க்கும்படி எந்தப் பரிசோதகரின் திரையிலும் எந்தப் பொத்தானும் தோன்றவில்லை. இளைஞர் சொன்ன அந்தப் 'காட்டிக்கொடுக்கும்' மென்பொருள், தனக்குச் சொல்லப்படாத ஒன்றை எப்படிக் காட்டிக்கொடுக்கும்?

2025 ஜூனில் பாதுகாப்புச் சபை தனது முடிவை அறிவித்தது. யாரோ ஒரு தொழிலாளியின் தலையில் அது பழியைப் போடவில்லை. பாகங்களை அகற்றும்போது பின்பற்ற வேண்டிய நடைமுறையைத் தொழிலாளர்கள் ஒழுங்காகக் கடைப்பிடிப்பதற்குப் போதிய பயிற்சியையும் வழிகாட்டலையும் மேற்பார்வையையும் நிறுவனம் வழங்கவில்லை என்றது. நிறுவனத்தைக் கண்காணிக்க வேண்டிய அரச நிர்வாகமும் தன் கடமையில் தவறியது என்றது. கதவுப் பிரிவில் இருந்த 24 பேரில் இத்தகைய பலகையைத் திறந்து பழகியவர் ஒருவர் மட்டுமே, அவரும் அன்று விடுமுறையில் இருந்தார் என்பதும் வெளிவந்தது. ஆக, அது 'ஆக்களின்ர பிரச்சினை'தான் தம்பி. ஆனால் அந்த ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியவர்களுடைய பிரச்சினை.

பதிவு இல்லாமல் போனதால் வந்த கேடு இது. பதிவு இருந்தும் வந்த கேட்டுக்கு ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனத்தைப் பாருங்கள்.

அந்நிறுவனத்தின் சில சிறிய கார்களில் பொருத்தப்பட்ட இக்னிஷன் சுவிட்ச் தளர்வானது. சாவிக்கொத்தின் பாரத்திலோ வீதியின் குலுக்கத்திலோ அது தானாகவே திரும்பி இயந்திரத்தை நிறுத்திவிடும். இயந்திரம் நின்றால், மோதும் தறுவாயில் காற்றுப்பையும் விரியாது. 2006இல் இந்தச் சுவிட்ச்சின் உட்பாகம் சத்தமில்லாமல் மாற்றப்பட்டது. மாற்றத்தை அங்கீகரிக்கும் படிவத்தில் பொறுப்பான பொறியியலாளரின் ஒப்பம் இருந்தது. ஆனால் பாகத்தின் இலக்கம் மாற்றப்படவில்லை. பழைய சுவிட்ச்சுக்கும் புதிய சுவிட்ச்சுக்கும் ஒரே இலக்கம்!

ஆவண முகாமைத்துவத்தின் அரிச்சுவடி தெரிந்த எவருக்கும் இது எவ்வளவு பெரிய பாவம் என்பது புரியும். இலக்கம் ஒன்றாக இருந்தால் பொருளும் ஒன்றே என்றுதான் மென்பொருள் நம்பும். பல வருடங்களுக்குப் பிறகு விபத்துகளை ஆராய்ந்த அந்நிறுவனத்தின் பொறியியலாளர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். முந்திய வருடக் கார்களில் நிகழும் கோளாறு பிந்திய வருடக் கார்களில் ஏன் இல்லை? பதிவேட்டின்படி இரண்டிலும் இருப்பது ஒரே சுவிட்ச் அல்லவா? முடிச்சை அவிழ்த்தது பதிவேடு அல்ல. மகளை விபத்தில் இழந்த ஒரு குடும்பத்தின் வழக்குக்காக அமர்த்தப்பட்ட நிபுணர் ஒருவர், 2013இல் இரண்டு சுவிட்ச்சுகளையும் கையில் எடுத்துக் கழற்றிப் பார்த்தார். உள்ளே இருந்தவை வேறு வேறு என்று தெரிந்தது.

ஒப்பமிட்ட பொறியியலாளர் சத்தியப்பிரமாணத்தின் கீழ் சாட்சியமளித்தபோது, அப்படியொரு மாற்றம் நடந்தது தனக்குத் தெரியாது என்றார். அவருடைய ஒப்பத்துடன் கூடிய படிவம் பின்னர் வெளிவந்தது. 2014இல் 26 இலட்சம் வரையான கார்கள் மீளப் பெறப்பட்டன. நிறுவனம் அமைத்த நட்டஈட்டு நிதியம் 124 மரணங்களுக்கான கோரிக்கைகளை ஏற்றுக்கொண்டது. நூற்று இருபத்து நான்கு உயிர்கள்! கையொப்பம் இருந்தது, நாள் இருந்தது, படிவம் இருந்தது. பொறுப்பு எங்கே இருந்தது?

அந்நிறுவனமே அமர்த்திய சட்டத்தரணியின் விசாரணை அறிக்கை 2014இல் வெளியானது. கூட்டங்களில் எல்லோரும் ஒரு தீர்மானத்துக்குத் தலையாட்டிவிட்டு, எவருமே எதுவும் செய்யாமல் எழுந்து போகும் வழக்கத்துக்கு அந்த நிறுவனத்துக்குள்ளேயே ஒரு பட்டப்பெயர் இருந்ததாக அதில் கூறப்பட்டிருந்தது. நமது நாட்டு அலுவலகங்களில் முப்பது வருடம் திரிந்தவனுக்கு அதைப் படித்தபோது புதுமையாக எதுவும் தோன்றவில்லை. தலையாட்டலுக்கு நாம் பட்டப்பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். இப்போது அந்தத் தலையாட்டலுக்குப் பச்சை நிறம் பூசி மென்பொருளில் வைத்திருக்கிறோம்.

எயார்பஸ் ஏ380 விமானத்தின் கதையும் சுருக்கமாகச் சொல்லப்பட வேண்டியது. ஒரு விமானத்துக்குள் 500 கிலோமீற்றருக்கும் அதிகமான மின்கம்பிகள். ஹம்பேர்க்கில் தயாரான கம்பித் தொகுதிகளைத் துலூஸ் நகருக்குக் கொண்டுவந்து பொருத்த முனைந்தபோது அவை நீளம் போதாமல் நின்றன. ஜேர்மனியரும் ஸ்பானியரும் ஒரு வடிவமைப்பு மென்பொருளின் நான்காம் பதிப்பைப் பாவித்தார்கள். பிரெஞ்சுக்காரரும் பிரித்தானியரும் அதே மென்பொருளின் ஐந்தாம் பதிப்பைப் பாவித்தார்கள். ஒருவர் செய்த மாற்றம் மற்றவரின் வரைபடத்தில் முழுமையாக வந்து சேரவில்லை. 2006 ஜூனில் தாமதம் அறிவிக்கப்பட்டபோது தாய் நிறுவனத்தின் பங்கு விலை ஒரே நாளில் கால்வாசிக்கு மேல் சரிந்தது. முதலாவது விமானம் ஏறக்குறைய இரண்டு வருடம் பிந்தி, 2007 ஒக்டோபரில்தான் சிங்கப்பூர் எயார்லைன்ஸிடம் ஒப்படைக்கப்பட்டது. இரு பக்கமும் மென்பொருள் இருந்தது, இரு பக்கமும் அங்கீகாரம் இருந்தது. ஒரே பதிப்புக்கு எல்லோரும் மாறுங்கள் என்று கட்டளையிடும் துணிவுதான் எவரிடமும் இருக்கவில்லை. துணிவை எந்தக் கடையில் வாங்குவது?

இதை வாசிக்கும் கடதாசிப் பிரியர்கள் மகிழ்ந்துவிட வேண்டாம். பழைய காலம் பொற்காலம் என்று சொல்ல நான் வரவில்லை. 1981 ஜூலை 17ஆம் திகதி அமெரிக்காவின் கன்சாஸ் சிற்றியில் ஹயாத் ரீஜன்ஸி ஹோட்டலின் தொங்கு நடைபாதைகள் இடிந்து விழுந்து 114 பேர் மாண்டனர். மேல்நடைபாதையையும் கீழ்நடைபாதையையும் ஒரே தொடர்கம்பியில் கூரையிலிருந்து தொங்கவிடுவதே ஆரம்பத் திட்டம். பின்னர் வசதி கருதிக் கீழ்நடைபாதையை மேல்நடைபாதையிலிருந்து வேறு கம்பிகளால் தொங்கவிடுவதாக மாற்றினார்கள். அதனால் மேல்நடைபாதையின் இணைப்பு தாங்க வேண்டிய பாரம் இரட்டிப்பானது. மாற்றப்பட்ட வரைபடத்தில் பொறியியல் நிறுவனத்தின் முத்திரை இருந்தது. கணக்குப் பார்த்தவர் ஒருவருமில்லை. கணினித் திரை இல்லாத காலத்து றப்பர் முத்திரை அது.

ஆனால் அந்த வழக்கில் ஒரு விடயம் நடந்தது. முத்திரை குத்தியது இணைப்பைச் சரிபார்த்ததாக அர்த்தமாகாது என்ற வாதத்தை விசாரித்தவர்கள் ஏற்கவில்லை. இலச்சினை உன்னுடையதென்றால் பொறுப்பும் உன்னுடையதே என்றார்கள். பொறியியலாளர்கள் இருவர் மிசூரி மாநிலத்தில் தமது உரிமத்தை இழந்தார்கள். கையொப்பத்துக்கு ஓர் அர்த்தம் உண்டென்று ஓர் அதிகாரபீடம் சொல்லியது. நான் கேட்பதும் அதைத்தான்.

ஊருக்கு உபதேசம் செய்பவன் தன் வீட்டையும் திறந்து காட்ட வேண்டும். காட்டுகிறேன்.

நான் தொழிலுக்கு வந்த காலத்தில், பக்கம் அச்சுக்குப் போகுமுன் ஒப்புநோக்காளர் அதன் ஓரத்தில் தன் பெயரின் முதலெழுத்தைப் பேனாவால் இடுவார். அவரோடு எழுத்துப் பிழைக்காகச் சண்டை பிடித்திருக்கிறேன். 'நான் வாசிக்காமல் என்ர எழுத்தைப் போடமாட்டன்' என்பார் அந்த மனிதர். அச்சகத்தில் இருந்தவர்கள் கத்துவார்கள். அவர் அசையமாட்டார். வெற்றிலையை மென்றபடி கடைசி வரிவரை வாசித்த பின்னரே பேனாவை எடுப்பார்.

பல வருடங்களின் பின், நான் பணியாற்றிய ஒரு பத்திரிகையில் பக்கங்களை அங்கீகரிப்பதற்கு மென்பொருள் வந்தது. மூன்று படிகள். விளம்பரப் பிரிவு, பக்க வடிவமைப்பு, இரவு ஆசிரியர் ஆகிய மூவரும் அழுத்தினால்தான் பக்கம் அச்சுக்குப் போகும். ஓர் இரவு நான்தான் இரவு ஆசிரியர். முதல் இரண்டு படிகளும் பச்சையாக இருந்தன. நேரம் போய்க்கொண்டிருந்தது. இரண்டு பேர் பார்த்துவிட்டார்கள்தானே என்று நானும் அழுத்தினேன்.

மறுநாள் பிற்பகல் முதியவர் ஒருவர் அலுவலகத்துக்கு வந்தார். கையில் எங்கள் பத்திரிகை. மரண அறிவித்தலில் அவருடைய தமையனாரின் பெயர் சரியாக இருந்தது. படம் மட்டும் அவருடையது. அவர் கோபப்படவில்லை. "தம்பி, காலையில இருந்து என்ர செத்தவீட்டுக்குச் சனம் வருகுது. அண்ணற்ர செத்தவீட்டில அண்ணரைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "நீங்கள் பாத்தனீங்களோ?" என்று கேட்டார்.

விளம்பரப் பிரிவினர் தாங்கள் கட்டணத்தை மட்டுமே பார்ப்பதாகச் சொன்னார்கள். வடிவமைப்பாளர் அளவை மட்டுமே பார்ப்பதாகச் சொன்னார். நான் என்ன சொல்வது? மென்பொருளில் என் பெயர் நாளோடும் நேரத்தோடும் பதிவாகியிருந்தது. யார் அழுத்தியது என்று அது காட்டிக்கொடுத்தது உண்மைதான். ஆனால் அந்த மூன்று பச்சைகளுக்குப் பின்னால் ஒரு சோடிக் கண்கூட இருக்கவில்லை. ஒருவரே ஒப்பமிட்ட காலத்தில் அவர் வாசித்தார். மூவர் ஒப்பமிட்டபோது ஒவ்வொருவரும் மற்ற இருவரையும் நம்பினோம். அந்த முதியவரின் கேள்விக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. இன்று சொல்கிறேன்: இல்லை ஐயா, நான் பார்க்கவில்லை.

நமது நாட்டுக்கு வருவோம். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டம் இலத்திரனியல் ஒப்பத்துக்குச் சட்ட அங்கீகாரத்தை அளித்து இருபது வருடங்களாகின்றன. நல்ல சட்டம். ஆனால் ஒப்பத்தைச் செல்லுபடியாக்குவது சட்டத்தின் வேலை, அதை உண்மையாக்குவது நிறுவனத்தின் வேலை. 2021இல் நமது தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் பெருந்தொகையான தரவுகள் அரச கணினி முகிலிலிருந்து அழிந்துபோன செய்தி வெளியாகி, குற்றப் புலனாய்வுத் திணைக்களம் விசாரணையில் இறங்கியதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். நாட்டுக்குள் வரும் மருந்துகளின் பதிவு விபரங்களைச் சுமந்த தரவுகள் அவை. மென்பொருளில் ஏற்றிவிட்டால் பத்திரமாக இருக்கும் என்பவர்களுக்கு இதைவிட அண்மையான பாடம் வேண்டுமா?

இன்னொன்று. இதைக் கொழும்புக் கருத்தரங்குகளில் எவரும் பேசுவதில்லை. என் உறவுக்காரப் பெண்பிள்ளை ஒருத்தி வன்னியில் ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறாள். புதிய வேலை அறிவுறுத்தல் வரும்போதெல்லாம் 'வாசித்து விளங்கிக்கொண்டேன்' என்று திரையில் அழுத்தவேண்டும். அறிவுறுத்தல் ஆங்கிலத்தில். அவளுக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டி வாசிக்கும் அளவுக்கே தெரியும். "பிறகேன் அழுத்துறாய் பிள்ளை?" என்று கேட்டேன்.

"அழுத்தாட்டி லைன் நிக்கும் மாமா. லைன் நிண்டா டார்கெட் போகும். டார்கெட் போனா எல்லாற்ர காசும் போகும்."

தமிழும் சிங்களமும் இந்நாட்டின் அரசகரும மொழிகள். இருந்தும் ஒரு தொழிலாளி தனக்கு விளங்காத மொழியில் 'விளங்கிக்கொண்டேன்' என்று ஒவ்வொரு நாளும் பொய்க்கையெழுத்து வைக்குமாறு கட்டாயப்படுத்தப்படுகிறாள். நாளை அவளுடைய விரலில் ஊசி ஏறினால், அல்லது ஒரு தொகுதி ஆடை திருப்பி அனுப்பப்பட்டால், மென்பொருள் அவளுடைய பெயரைக் காட்டும். மேலே உள்ளவர்கள் அனைவரும் தப்பிவிடுவார்கள். 'பொறுப்புப் பிரச்சினை தீர்ந்தது' என்று அந்த இளைஞர் சொன்னதன் உண்மையான அர்த்தம் இதுதானோ என்று எனக்குச் சந்தேகம். பொறுப்பு தீரவில்லை. மாடியிலிருந்து கீழே தள்ளிவிடப்பட்டிருக்கிறது. தள்ளியதற்கான பதிவு மட்டும் மென்பொருளில் இல்லை.

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறவன் என்ற பெயர் எனக்கு வேண்டாம். மென்பொருள் வேண்டும். பழைய வரைபடத்தின் பிரதி ஒன்று சுவரில் ஒட்டப்பட்டு, அதைப் பார்த்து ஒரு மாதம் பிழையான பொருளைச் செய்த கதைகள் எந்தக் கைத்தொழில் பேட்டையிலும் கிடைக்கும். நடைமுறையில் உள்ள பதிப்பை மட்டும் காட்டி மற்றவற்றை மறைப்பதும், ஒரு பாகத்தை மாற்றினால் அது எந்தெந்தப் பொருள்களில் பாவிக்கப்படுகிறது என்று தேடித் தருவதும், யார் எப்போது எதை மாற்றினார் என்பதை அழிக்க முடியாமல் வைத்திருப்பதும் மனிதரால் ஆகாத காரியங்கள். அவற்றை மென்பொருள் செய்யட்டும். ஆனால் அதை வாங்கும் முகாமையாளர்கள் நான்கு விடயங்களைத் தாமே செய்தாக வேண்டும்.

முதலாவது, ஒவ்வொரு ஒப்பத்துக்கும் அர்த்தத்தை எழுதுங்கள். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1997இலேயே இதைச் சட்டமாக்கியது. மருந்து உற்பத்தி போன்ற துறைகளில் இலத்திரனியல் ஒப்பமிடுபவரின் பெயரும் நாளும் நேரமும் மட்டும் போதாது. அந்த ஒப்பத்தின் பொருள் மீளாய்வா, அங்கீகாரமா, பொறுப்பேற்பா, எழுதியவர் என்பதா என்பதும் பதிவாக வேண்டும். 'அளவுகளைச் சரிபார்த்தேன்' என்று எழுதியிருக்கும் இடத்தில் ஒப்பமிடும் கை சற்றுத் தயங்கும். வெறும் பச்சை நிறத்தின் முன் எந்தக் கையும் தயங்குவதில்லை.

இரண்டாவது, ஒப்பங்களைக் குறையுங்கள். ஓர் ஆவணத்துக்கு ஒன்பது பேர் ஒப்பமிட்டால் அங்கே ஒன்பது பொறுப்பாளிகள் இல்லை, ஒருவருமே இல்லை. உண்மையில் வாசிக்கக்கூடிய இருவர் போதும். மற்றவர்களுக்குத் தகவல் அறிவித்தால் போதும்.

மூன்றாவது, மறுப்பை மதியுங்கள். ஒரு வருடத்தில் உங்கள் தொழிற்சாலையில் எத்தனை ஆவணங்கள் மறுக்கப்பட்டன என்று மென்பொருளைக் கேட்டுப் பாருங்கள். விடை பூச்சியமாக இருந்தால் உங்கள் ஊழியர்கள் பிழையே விடாதவர்கள் என்று பூரிக்க வேண்டாம். எவரும் வாசிப்பதில்லை என்று பயப்படுங்கள். அங்கீகாரம் எவ்வளவு வேகமாக முடிந்தது என்று அளந்து பரிசு கொடுப்பதை நிறுத்துங்கள். வேகமாக அழுத்துபவனுக்கு மாலை போட்டுவிட்டு, நிறுத்திக் கேள்வி கேட்பவனைத் 'தாமதப்படுத்துபவன்' என்று திட்டினால், எவன் கேள்வி கேட்பான்?

நான்காவது, தொழிலாளியின் மொழியில் எழுதுங்கள். 'விளங்கவில்லை' என்று இன்னொரு பொத்தானையும் வையுங்கள். அதை அழுத்தினால் லைன் நிற்கட்டும். அந்த நட்டத்தை அவளுடைய சம்பளத்திலிருந்து கழிக்காதீர்கள், உங்களுடைய கணக்கில் எழுதுங்கள்.

இந்த நான்கில் எதையும் மென்பொருள் விற்பவர் உங்களுக்குச் சொல்லமாட்டார். அவரைக் குறை கூறுவதற்கில்லை, அவர் விற்பது மென்பொருளை. ஆனால் வாங்குபவர்கள் பொறுப்பையும் சேர்த்து வாங்கிவிட்டதாக நினைத்துக் கைதட்டுவதுதான் என்னால் பொறுக்க முடியாதது. போயிங்கில் அந்தப் பலகைக்கு அருகே இருந்த ஆசனங்கள் வெறுமையாக இருந்தன. எல்லா விமானங்களிலும் அந்த ஆசனங்கள் வெறுமையாக இருப்பதில்லை.

வெற்றிலை மென்ற அந்த ஒப்புநோக்காளர் இன்று உயிரோடு இல்லை. அவருக்குக் கணினி தெரியாது. அவர் இட்ட ஓர் எழுத்தை நம்பி நாங்கள் இயந்திரத்தை ஓடவிட்டோம். கருத்தரங்கில் அந்த இளைஞரிடம் நான் கேட்டதை, அங்கே கைதட்டிய முகாமையாளர்களிடமும் கேட்கிறேன். இன்று காலையிலிருந்து நீங்கள் அழுத்திய பச்சைப் பொத்தான்களில் எத்தனையை வாசித்துவிட்டு அழுத்தினீர்கள்? அந்த எண்ணிக்கையை எந்த மென்பொருளும் பதிவு செய்வதில்லை. அது உங்களுக்கு மட்டுமே தெரியும்.